288 வெள்ளிக்கு ஒரு முதுகு

அம்மாவுக்கு 71 வயது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, அவர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓர் இசை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். ஒரு டிக்கெட் 288 வெள்ளி. இரண்டு பேருக்கு 576. அவ்வளவு கொடுத்து அம்மா அதிக நேரம் பார்த்தது, முன் வரிசையில் நின்ற ஒரு தம்பியின் முதுகைத்தான். கறுப்பு டி-சட்டை, கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கிழிசல். இன்றைக்கும் அந்தச் சட்டையை என்னால் வரைந்து காட்ட முடியும்.

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் வானொலிதான். அப்போது வானொலி 6, இப்போது மின்னல் எஃப்எம். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மரத்துக்குப் போய், மதியம் வீடு திரும்பியதும் முதல் வேலையாக வானொலியைத் திருகுவார். அரிசி களைவது, துணி துவைப்பது, எங்களை அதட்டுவது எல்லாம் பாட்டோடுதான் நடக்கும். டி.எம்.எஸ்., சுசீலா, எஸ்.பி.பி., ஜானகி, வாணி ஜெயராம், நம் மண்ணிலிருந்து போன மலேசியா வாசுதேவன் என்று குரல்களைக் கேட்டதும் சொல்லிவிடுவார். பாடியவர்களின் முகங்களைவிடக் குரல்கள்தான் அவருக்குச் சொந்தம்.

எஸ்.பி.பி. கோலாலம்பூருக்குப் பாட வந்த ஒரு சமயம், "ஒரு தடவை நேர்ல பாத்துடணும்பா" என்று அம்மா கேட்டார். அப்போது எனக்கு வேலை புதிது, வீட்டுக் கடனும் புதிது. "அடுத்த தடவை வரும்போது போவோம்மா" என்றேன். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. போய்விட்டார். 2023 பிப்ரவரியில் வாணி ஜெயராமும் போய்விட்டார். இரண்டு நாள்களிலும் அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இடையில் அப்பாவும் தவறிப்போனார். அதனால்தான், பழைய பாடகர்கள் சிலர் சேர்ந்து பாடுகிறார்கள் என்ற விளம்பரத்தைக் கண்டதும் யோசிக்காமல் டிக்கெட் வாங்கினேன். அதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அம்மாவுக்கு நல்ல இடமாக இருக்கட்டும் என்று, மேடைக்கு எதிரே கீழ்த்தளத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் இரண்டை எடுத்தேன். மேலே படிப்படியாக உள்ள இருக்கைகள் பாதி விலைதான். "அம்மாவுக்குப் போய் மலிவு டிக்கெட்டா?" என்ற கௌரவம்.

அன்றைக்கு அம்மா மாலை 4 மணிக்கே தயாராகிவிட்டார். அப்பா வாங்கித் தந்த மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலை. கைப்பையில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர், ஒரு பொட்டலம் முறுக்கு, தைலம், ஒரு குளிர்ச்சட்டை. முழங்கால் வலி இருப்பதால் ரயில் வேண்டாமென்று காரிலேயே புக்கிட் ஜாலில் போனோம். நிகழ்ச்சி 7.30-க்கு. நாங்கள் 6.45-க்கே வரிசையில் நின்றுவிட்டோம்.

வாசலில் பிளாஸ்க்கை உள்ளே விடவில்லை. காவலில் நின்ற மலாய்க்கார இளைஞர், "மாஃப் மக்சிக், தாக் போலே" என்று வருத்தத்தோடு சொல்லி, பிளாஸ்க்கில் அம்மா பெயரை ஒட்டி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். முறுக்கைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டார். அந்த இரவில் எங்களிடம் மரியாதையாகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

7.30 ஆனது. 8 ஆனது. மேடையில் விளக்குகள் எரிந்து அணைந்தன. 8.15-க்கு அறிவிப்பாளர் வந்து பிரமுகர்கள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பிரமுகர்கள் வந்தார்கள். மாலை, பொன்னாடை, ஓர் உரை, இன்னோர் உரை. முதல் பாட்டு தொடங்கியபோது மணி 8.55. அதற்குள் கூட்டத்தின் பொறுமை கழன்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைக்கப்பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள், சாப்பிட்டார்கள், வீடியோ அழைப்பில் உறவினர்களுக்கு அரங்கத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அந்தச் சந்தைக்கடையின் நடுவில்தான் பாட்டு தொடங்கியது. சந்தை அதன் பிறகும் கலையவில்லை.

முதல் பாட்டிலேயே முன் வரிசையில் ஆறேழு இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். கீழ்த்தளம் சமதரை. அங்கே ஒருவர் எழுந்தால் பின்னால் இருப்பவர் எழுந்தாக வேண்டும். அவர் எழுந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவரும். இரண்டு நிமிடத்தில் பாதித் தளம் நின்றது. நிற்க முடியாதவர்களுக்கு முதுகுகள் மிச்சம். அம்மா இந்தப் பக்கம் ஒருமுறை சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் ஒருமுறை சாய்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் தொங்கிய பெரிய திரையைப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அதையும் கைப்பேசிகள் மறைத்தன.

எங்களுக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள். வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டுவது பற்றிப் பேச்சு. எந்தக் குத்தகைக்காரர் ஏமாற்றினார், தரைக்கு எந்த ஓடு நல்லது, அலமாரிக்கு எவ்வளவு ஆனது என்று நான்கு பாட்டு முடிவதற்குள் நானும் அந்த வீட்டுக்குக் குடி போகலாம் என்கிற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். வலப்பக்கம் ஒரு பெண்மணி நேரலை செய்துகொண்டிருந்தார். பாட்டைவிட, "ஹாய் கவிதா, ஹாய் அண்ணி, தெரியுதா?" என்பதுதான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததுதான் உறுத்துகிறது.

மூத்த பாடகி ஒருவர் மேடைக்கு வந்தார். பெயர் வேண்டாம். மெதுவாக நடந்து வந்தார், ஒரு கை பிடித்து அழைத்து வந்தது. சின்னதாக வணக்கம் சொல்லிவிட்டு, தாளமே இல்லாமல் ஓர் ஆலாபனையோடு ஆரம்பித்தார். குரல் முன்போல் இல்லை என்பது உண்மைதான். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை எவ்வளவு மெல்ல வைக்க வேண்டும் என்பது அப்படியே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்பீட் பாட்டு போடுங்கலா!" என்று ஒரு குரல். சிரிப்பு. "குத்துப் பாட்டு! குத்துப் பாட்டு!" என்று கைதட்டித் தாளம் போட்டார்கள். யாரோ ஊதுகுழலை ஊதினார். அந்த அம்மையார் பாதியில் நிறுத்தி, புன்னகைத்து, "இது ஒண்ணு மட்டும் பாடிட்டுப் போயிடறேன்" என்றார். அதற்கும் ஒரு குரல் வந்தது: "வயசாயிடுச்சு, வீட்டுல இருக்க வேண்டியதுதானே!"

மேடைக்கு அது எட்டியிருக்காது என்று நம்புகிறேன். அம்மாவுக்கு எட்டியது. என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. "அந்தம்மாவுக்கு என்னைவிட அஞ்சாறு வயசுதான் கூட இருக்கும்" என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்.

அதன் பிறகு எனக்குள் ஏதோ கொதித்துக்கொண்டே இருந்தது. பத்து மணியைத் தாண்டி, அம்மா மாலையிலிருந்து காத்திருந்த பாட்டின் முன்னிசை வந்தது. அப்பா லாரி ஓட்டும்போதும், குளிக்கும்போதும், சம்பளம் பற்றாத மாதக் கடைசியிலும் முனகுகிற பாட்டு. பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டிலும் யாராவது பாட ஆரம்பித்துவிடுவார். அந்த நேரம் பார்த்துக் கறுப்புச் சட்டைத் தம்பி நாற்காலி மேலேயே ஏறி நின்றார்.

நான் அவர் முதுகைத் தட்டினேன். "தம்பி, பின்னால வயசானவங்க இருக்காங்க. கொஞ்சம் கீழ இறங்குங்க."

"கான்சர்ட்னா இப்படித்தாண்ணே. உக்காந்து பாக்கணும்னா வீட்டுல யூடியூப்ல பாருங்க."

"நானும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கேன்."

"நாங்க மட்டும் சும்மாவா வந்தோம்?"

அவருடைய நண்பர் திரும்பினார். "ரிலாக்ஸ்லா அண்ணே." அந்த 'ரிலாக்ஸ்' என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. நான் எழுந்தேன். குரலை உயர்த்தினேன். வளர்ப்பு, பண்பாடு, தமிழன், தாய் தகப்பன் என்று அந்த நிமிடத்தில் வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். பின்னால் சமையலறைக் குடும்பம் எனக்கு ஆதரவாகப் பேச, நேரலைப் பெண்மணி கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்ப, அந்த வட்டாரத்தில் பெரிய சத்தமே என்னுடையதாகிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. என் சட்டையை யாரோ இழுப்பது மட்டும் தெரிந்தது.

அம்மா. "உக்காருப்பா. பாட்டு ஓடுது."

உட்கார்ந்தபோது இரண்டாவது சரணம் முடியப்போகிற நேரம். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் மேடையைப் பார்க்க முயலவே இல்லை. வீட்டில் வானொலி கேட்பதுபோல் தலையைச் சற்றுச் சாய்த்து, கடைசி வரை அப்படியே இருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. அம்மா கால் வைக்க இடமில்லாமல் தடுமாறியபோது, ஒரு கை நீண்டது. "பாட்டி, பாத்து, பாத்து." கறுப்புச் சட்டைத் தம்பிதான். இரண்டு நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டு, அம்மா நடைபாதைக்கு வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிய்யா" என்றார் அம்மா. என்னை அவர் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

வாசலில் பிளாஸ்க் பத்திரமாக இருந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து சாலைக்கு வரவே ஒரு மணி நேரம் ஆனது. ஹாரன்களின் நடுவில் நான் மீண்டும் ஆரம்பித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள், கைப்பேசி, மரியாதை. அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

"பசிக்குது" என்றார் கடைசியில்.

மாமாக் கடையில் அவருக்கு மைலோ, எனக்குத் தே தாரேக். மணி ஒன்றை நெருங்கியிருந்தது. "உங்க காலத்துல தோட்டத்துல படம் போட்டா இப்படியாம்மா இருந்திருக்கும்?" என்று கேட்டேன். ஆமோதிப்பார் என்று நினைத்தேன்.

அம்மா சிரித்தார். "யாரு சொன்னா உனக்கு? திடல்ல வெள்ளைத் துணி கட்டி எம்.ஜி.ஆர். படம் போடுவாங்க. ஒரே விசில்தான். பாதி வசனம் காதுல விழாது. அதுலயும் ஒருத்தன் விரலை வாயில வச்சு அடிச்சான்னா அடுத்த தோட்டத்துக்குக் கேக்கும். ஒரு நாள் பக்கத்துல உக்காந்திருந்த கிழவி குடையாலயே நாலு போட்டுச்சு அவனை. அப்பதான் யாருடா இதுன்னு நான் திரும்பிப் பாத்தேன்."

"யாரும்மா?"

"உங்கப்பன்தான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களிடம் அதிர்ந்து பேசாத அப்பா. பள்ளிக்கூடத்து விழாவில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அப்பா.

"ஆனா ஒண்ணு," என்றார் அம்மா, முறுக்கை ஒடித்துக்கொண்டே. "சண்டைக்கு விசில் அடிப்பாரு, எம்.ஜி.ஆர். வந்தா அடிப்பாரு. பாட்டு வந்துட்டா வாயைத் திறக்க மாட்டாரு. பாட்டு கேக்கறதுக்குத்தானே போறோம்."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "அந்தப் பையன் மறைச்சது கண்ணைத்தான். காதை மறைச்சது நீ."

அந்த இரவில் எனக்குக் கிடைத்த அடி அதுதான். குடையால் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

இதை எழுதத் தொடங்கியபோது, கூட்டத்தைத் திட்டி ஒரு கட்டுரை எழுதுவதாகத்தான் எண்ணம். திட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் நெரிசலில் சிக்கித் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டியதால் பாட்டே தடைபட்டது. அந்த அளவுக்கு எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. யாருக்கும் காயமில்லை. ஒரு மூதாட்டி மேடையைப் பார்க்கவில்லை, இன்னொரு மூதாட்டி நிம்மதியாகப் பாடவில்லை. செய்தியாகாத சங்கதிகள்.

ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தோன்றுகிறது. ஒருமுறை அலுவலக நண்பர்களோடு இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்குக்குப் போயிருக்கிறேன். தாமதமாக வந்தவர்களைப் பாட்டின் நடுவில் உள்ளே விடவில்லை, தகுந்த இடைவெளி வரும்வரை வெளியே காத்திருந்தார்கள். கைப்பேசி ஒன்றுகூட வெளியே வரவில்லை. எங்களில் பலருக்கு அந்த இசை பழக்கமே இல்லை. இருந்தும் கற்சிலைபோல் உட்கார்ந்திருந்தோம். அங்கே போன நாமும் இங்கே வந்த நாமும் வேறு வேறு ஆள்களா? அங்கே குறித்த நேரத்துக்குத் தொடங்கினார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நம் நிகழ்ச்சிகளில் ஆட வந்தவருக்கும் கேட்க வந்தவருக்கும் ஒரே டிக்கெட்டை விற்று, ஒரே சமதரையில் உட்கார வைத்து, ஒன்றரை மணி நேரம் காக்க வைத்து, பொன்னாடை போர்த்திவிட்டு, அதன் பிறகு பாட்டைத் தொடங்குகிறோம்.

ஆட வருவது குற்றமில்லை. அந்தத் தம்பிக்கும் அது எத்தனையோ நாள் காத்திருந்த இரவாக இருக்கலாம். நிற்கிறவர்களுக்கு ஒரு பக்கம், உட்காருகிறவர்களுக்கு ஒரு பக்கம் என்று ஏற்பாட்டாளர்கள் பிரித்தால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. பாட்டு நடக்கும்போது பேச்சை நிறுத்துவது, கைப்பேசியை ஒரு பாட்டுக்கு மட்டும் தூக்குவது, எழுந்து நிற்கும் முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பது. மேடையில் வயதானவர் ஒருவர் மெல்லப் பாடும்போது பிடிக்காவிட்டால் பேசாமல் இருப்பதற்கு 288 வெள்ளிகூடத் தேவையில்லை. என்னைப்போல் நியாயம் கேட்கிறவர்களும் பாட்டு முடியும்வரை பொறுத்துவிட்டு, பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனையும் உண்டு. விலையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படிப்படியாக உயரும் இருக்கைகளில், நடைபாதை ஓரம், கழிவறைக்குப் பக்கமாகப் பாருங்கள். முன்னால் யார் எழுந்தாலும் மேடை தெரியும். அவசரத்துக்கு எழுந்து போகவும் முடியும்.

இந்த யோசனையும் என்னுடையது இல்லை. சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். மின்னலில் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு விளம்பரம் போட்டார்களாம்.

"போலாமாப்பா?" என்றார்.

"அன்னைக்கு அவ்வளவு பட்டும் இன்னொரு தடவையாம்மா?"

"மேல சீட்டு எடு. மலிவாவும் இருக்கும், மறைக்கவும் மாட்டாங்க." ஒரு நொடி நிறுத்தி, "நீ வாயைத் திறக்காம வரதா இருந்தா வா. இல்லன்னா உன் தங்கச்சிகூடப் போய்க்கறேன்" என்றார்.

மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன்.